ஒரு ராத்திரி தாங்கணும்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தொழிற்சங்கச் செயலாளர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் நம் பதிப்பகத்தின் பொது மேலாளர் அவர்களே, அகராதிப் பிரிவில் எங்கள் எல்லாருக்கும் அத்தானாகிவிட்ட பேருந்து ஓட்டுநர் அவர்களே, அப்பாவின் கையை விடாமல் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளே, கீழ்த்தளத்து அச்சகத் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் வாசகப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் இப்போது இங்கே வந்து நிற்கும்போது அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வருகிறது. இரங்கல் கூட்டத்தில் கோபப்படலாமா என்று சிலர் நினைக்கலாம். நம் தலைமைப் பதிப்பாசிரியரோடு ஒரு நாளாவது வேலை பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் அகராதிப் பிரிவில் பிழை திருத்துபவன். என்னைக் 'கமா' என்று கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் முற்றுப்புள்ளி வராது என்று எனக்கு அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். ஆகவே தலைவர் அவர்கள் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துப் பயனில்லை.

எனக்குப் பின்னால் நிர்வாகத்தார் ஒரு பதாகை கட்டியிருக்கிறார்கள். அரங்கத்துக்குள் நுழைந்ததிலிருந்து நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தொழில் புத்தி, என்ன செய்வது? படம் நன்றாக இருக்கிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, யாரையோ கேள்வி கேட்கத் தயாராவதுபோல இருக்கிறார். படத்துக்குக் கீழே ஒரு வரி: "ஆங்கிலம்-தமிழ்ப் பேரகராதி எனும் அவரது அரும்பணி அவரோடு நிறைவுற்றது." எழுத்துப் பிழை இல்லை. சந்திப் பிழை இல்லை. அழகான எழுத்துரு. ஆனாலும் அந்த வரியைத் திருத்தாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. எப்படித் திருத்த வேண்டும் என்பதையும் அவரே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

பதிப்பகத்தின் பதிவேடுகளில் அவர் தலைமைப் பதிப்பாசிரியர். எங்கள் அறையில் அவர் யார்? 'நடந்துச்சா அக்கா.' முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டோம். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அகராதி என்றால் ஒரு சொல், அதன் பொருள், பிறகு அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். அந்த வாக்கியத்தை உட்கார்ந்த இடத்திலேயே யோசித்து எழுதிவிடலாம். எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அறையில் அது செல்லாது. எழுதியவர் மேஜையில் அதை உரக்கப் படிக்க வேண்டும். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்பார், "நடந்துச்சா?" நடந்தது என்று சொன்னால் அடுத்த கேள்வி, "யார் பார்த்தது?" பார்த்தவர் மேஜையில் கை தூக்க வேண்டும். கை தூக்கினாலும் உடனே உள்ளே விட மாட்டார். "இருக்கட்டும், ஒரு ராத்திரி தாங்கணும்" என்று சொல்லி ஜன்னலோரத் தட்டில் வைத்துவிடுவார். மறுநாள் காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்த வாக்கியத்தை மறுபடி படிக்க வேண்டும். அப்போதும் அது உண்மையாக இருந்தால்தான் அகராதியில் இடம்.

சிரிக்கிறீர்கள். நாங்களும் முதலில் சிரித்தவர்கள்தான். எங்கள் ஓவியரைக் கேளுங்கள், இதோ முன்வரிசையில் இருக்கிறார். 'மன்னித்தல்' என்பதற்கான ஆங்கிலச் சொல் வந்தபோது, "நான் என் தங்கையை மன்னித்துவிட்டேன்" என்று எழுதிக்கொண்டு வந்தார். அக்கா கேட்டார், இவரே கை தூக்கினார், வாக்கியம் தட்டுக்குப் போனது. மறுநாள் காலையில் வந்து, "இல்லக்கா, ராத்திரி படுத்து யோசிச்சேன், திரும்பவும் கோபம் வந்துருச்சு" என்றார். அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தச் சொல் பல மாதம் காத்துக்கொண்டிருந்தது. தங்கையும்தான்.

டைனோசருக்கு என்ன செய்தீர்கள் என்று எங்களிடம் கேட்காதவர்கள் கிடையாது. அருங்காட்சியகத்துக்குப் போனோம். எலும்புக்கூட்டைப் பார்த்து ஒரு குழந்தையாவது பயந்து அழும், எழுதிவிடலாம் என்று நானும் ஓவியரும் கால் கடுக்க நின்றோம். ஒரு குழந்தைகூட அழவில்லை. ஒரு பையன் அதன் பல்லை எண்ணிக்கொண்டிருந்தான். எங்கள் அகராதியில் இன்றைக்கும் இருக்கும் வாக்கியம், "டைனோசரின் எலும்பைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படவில்லை." நடந்தது அதுதான்.

இத்தனை பிடிவாதம் எதற்கு? அதற்கும் ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணம் இந்த அரங்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் அம்மா, எங்கள் பழைய பதிப்பை வாங்கி வைத்திருந்தார். மேற்பார்வையாளருக்கு ஆங்கிலத்தில் எழுதினால்தான் விடுப்பு கிடைக்கும். களைப்பைக் குறிக்கும் 'எக்ஸாஸ்டட்' என்ற சொல்லைத் தேடினார். பழைய பதிப்பில் இருந்த வாக்கியம், "களைத்துப்போன இளவரசன் காட்டில் உறங்கினான்." புத்தகம் சொல்கிறதே என்று நம்பி அந்த அம்மா எழுதிக் கொடுத்தார்: "நான் களைத்துப்போன இளவரசன்." மேற்பார்வையாளர் அதை எல்லாரும் பார்த்துச் சிரிக்கட்டும் என்று சுவரில் ஒட்டிவிட்டார்.

அந்த அம்மா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் அறைக்கு வந்தார். அழவில்லை. "இதுல இளவரசனுக்குத்தான் களைப்பு வருமா?" என்று கேட்டார். அன்றைக்கு அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிது. பழைய பதிப்பில் அவருக்குச் சம்பந்தமே இல்லை. ஆனாலும் எழுந்து நின்று, "தப்பு எங்களோடதுதாம்மா, உட்காருங்க, நீங்களே சொல்லுங்க" என்றார். எழுத்து எழுத்தாக வெளிவந்துகொண்டிருக்கும் புதிய பதிப்பைப் புரட்டிப் பாருங்கள். "நாள் முழுக்க நின்றுகொண்டே தைத்ததில் அவர் களைத்துப்போனார்." நடந்ததா? நடந்தது. யார் பார்த்தது? அந்த அம்மாவே பார்த்தார். எடுத்துக்காட்டு வாக்கியத்தை மக்கள் அப்படியே தூக்கித் தங்கள் வாழ்க்கையில் போட்டுக்கொள்கிறார்கள் என்பதை அன்றைக்குப் பார்த்த அக்கா, கடைசிவரை மறக்கவில்லை.

வீட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. எங்கள் மேஜையின் ஜன்னல் பக்கம் அவருடைய இடம். அங்கிருந்து பார்த்தால் பேருந்துப் பணிமனை தெரியும். அவர் கணவர், அதாவது எங்கள் அத்தான், வண்டியை எடுக்கும்போது ஒருமுறை ஹாரன் அடிப்பார். அந்த ஹாரன் எங்கள் அகராதியில் இருக்கிறது. அத்தான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்ததும் இருக்கிறது. அந்தப் பக்கம் அச்சானபோது அத்தான் எங்கள் அறைக்கே வந்து முறையிட்டார். "ஊர் பூரா படிக்கிற புத்தகத்துல என்னை உம்மணாமூஞ்சியா போட்டுட்டாளே, நீங்களாவது கேளுங்கப்பா." அக்கா தலையைத் தூக்கவே இல்லை. "நடந்துச்சா, இல்லையா?" என்றார். "நடந்துச்சு." "அப்புறம் என்ன?" அத்தானும் சிரித்துவிட்டார். இதோ இப்போதும் சிரிக்கிறார், பாருங்கள்.

இப்படிப்பட்டவரின் முன்னால்தான் அந்தச் சொல் வந்து உட்கார்ந்தது. ரீஇன்விகரேட். வாயில் லேசில் நுழையாது. அகராதி ஆர் எழுத்தில் போய்க்கொண்டிருந்தபோது எங்களை மறித்துக்கொண்டு நின்ற சொல் இதுதான், பெருமக்களே. இன்றைக்கும் அதன் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

பொருள் எழுதவே எத்தனை சண்டை. நான் 'புத்துயிர் ஊட்டு' என்று எழுதினேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "உயிர் போனப்புறம் ஊட்டுறது இல்லப்பா இது. உயிர் இருக்கு, தெம்புதான் போயிருக்கு" என்றார். ஓவியர், "அப்ப ரெஃப்ரெஷ்தானே?" என்று கேட்டார். "ரெஃப்ரெஷ் ஆகணும்னா முகத்தைக் கழுவினா போதும். ரீசார்ஜ் ஆகணும்னா படுத்துத் தூங்கினா போதும். இதுக்கு அது போதாது. முன்னாடி தெம்பா இருந்தது ஒண்ணு ஓய்ஞ்சு போயிருக்கணும். அப்புறம் யாரோ, எதுவோ வந்து அந்தத் தெம்பைத் திரும்பக் குடுக்கணும்." அப்படித்தான் எங்கள் பொருள் அமைந்தது: ஓய்ந்துபோன ஒன்றுக்கு, முன்பு இருந்த தெம்பை மறுபடி கொடு. ஆளுக்கும் சொல்லலாம், ஆட்டக்குழுவுக்கும் சொல்லலாம், ஒரு சங்கத்துக்கும், ஓர் ஊரின் வியாபாரத்துக்கும், நின்றுபோன விவாதத்துக்கும் சொல்லலாம். என் நாற்காலிக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். "அதுக்கு ஆணி அடிக்கணும், அது ரிப்பேர்" என்றார்.

பொருள் முடிந்தது. வாக்கியம் கிடைக்கவில்லை. எங்கே போய்த் தேடுவது? நான் காலை நடைக்குப் போய், உடம்புக்குப் புதுத் தெம்பு வந்ததாக எழுதினேன். மறுநாள் முட்டி வலியில் மாடிப்படி ஏற முடியவில்லை. அச்சகத் தோழர்களின் கால்பந்துக் குழுவுக்குப் புதிதாக ஒரு கோல்கீப்பர் வந்தார், குழு துள்ளிக் குதித்தது, நாங்களும் ஓடிப்போய் எழுதினோம். மறுநாள் காலைக்குள் அவருக்கும் கேப்டனுக்கும் சண்டை. தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, நடந்ததைத்தான் சொல்கிறேன். எதுவும் ஒரு ராத்திரி தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நிர்வாகம் எங்களுக்காக ஒரு புத்துணர்ச்சி முகாம் நடத்தியது. காதில் மைக் மாட்டிய ஒரு பயிற்சியாளர் வந்தார். எங்களை வட்டமாக நிற்க வைத்தார். ஒருவர் முதுகை ஒருவர் தட்டச் சொன்னார். "என்னால் முடியும்" என்று கத்தச் சொன்னார். என்ன முடியும் என்று யாரும் கேட்கவில்லை. கத்தினோம். மறுநாள் காலையிலேயே மேலாளர் அறையிலிருந்து ஒரு வாக்கியம் வந்தது, முகாமில் நாங்கள் கை தட்டும் படத்தோடு. அந்தச் சொல்லுக்கு எடுத்துக்காட்டாக அதையே போட்டுவிடலாம் என்ற யோசனையோடு. "முகாம் எங்கள் ஊழியர்களுக்கு மறுபடி தெம்பூட்டியது."

அக்கா அதை மேஜையில் படித்தார். மற்ற எந்த வாக்கியத்துக்கும் கொடுக்கிற மரியாதையை அதற்கும் கொடுத்தார். மேஜையைச் சுற்றி வந்து ஒவ்வொருவரிடமும் கேட்டார், "நடந்துச்சா?" ஓவியர், "முதுகு வலிக்குதுக்கா" என்றார். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, தலையை மட்டும் ஆட்டினேன். "நீங்களும் கை தட்டினீங்களே அக்கா?" என்று யாரோ கேட்டார்கள். "தட்டச் சொன்னாங்க, தட்டினேன். கை தட்டினது நடந்துச்சு. தெம்பு வந்துச்சா?" யாரும் கை தூக்கவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். மேலாளர் அவர்களே, நீங்கள் இங்கே இருக்கிறீர்கள், நான் ஏதாவது கூட்டிச் சொன்னால் இங்கேயே மறுக்கலாம். நீங்கள் எங்களிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதே இல்லை, அன்றைக்கும் பேசவில்லை. "மேடம், ஒரு வாக்கியம்தானே? இவ்வளவு மெனக்கெட்டு நடத்தியிருக்கோம். தெம்பு குடுத்தோம்னு நாங்க சொல்லிக்கக் கூடாதா?" என்று கேட்டீர்கள். அக்கா சொன்ன பதில் எனக்கு அப்படியே காதில் நிற்கிறது. "குடுத்தவங்க சொன்னா அது விளம்பரம் சார். இந்தச் சொல்லை வாங்கிக்கிட்டவங்கதான் சொல்லணும்."

பெருமக்களே, அகராதிக்காரர்கள் சொல்லுக்கு இலக்கணம் சொல்வார்கள். அக்கா அந்தச் சொல்லுக்கு யோக்கியதை சொன்னார். எத்தனை சுற்றறிக்கைகளில் நாம் இந்தச் சொல்லைப் படித்திருக்கிறோம்? துறைக்குத் தெம்பு கொடுத்தோம், நிறுவனத்துக்குத் தெம்பு கொடுத்தோம் என்று சொல்கிறவர்கள் யார்? கொடுத்ததாகச் சொல்கிறவர்கள். வாங்கிக்கொண்டதாகச் சொல்லப்படும் ஆளை யாராவது ஒருமுறை கேட்டார்களா?

ஒரு சொல்லுக்கே இத்தனை காலம் ஆனால் மிச்ச எழுத்துகள் எப்போது முடியும் என்று மேலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு நிர்வாகம் கண்டுபிடித்த பதில் நியாயமா? மிச்ச வாக்கியங்களை எல்லாம் கணினியே எழுதிவிடுமாம். எத்தனை வேண்டுமானாலும் எழுதுமாம், கேட்ட மாத்திரத்தில் எழுதுமாம். எழுதும், எனக்குச் சந்தேகமில்லை. அதனிடம் நடந்துச்சா என்று கேட்டால் யார் கை தூக்குவது? எங்களை நாட்காட்டிப் பிரிவுக்கு மாற்றுவது, எங்கள் அறையை நாட்காட்டிக் கட்டுகளுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அக்கா ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று, இது கூடாது என்றார். மூச்சு வாங்கும், உட்காருவார், மறுபடி எழுந்து நிற்பார். அது வெறும் களைப்பு என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மருத்துவமனையில் அவரைக் கடைசியாகப் பார்த்ததைச் சொல்கிறேன். பார்வையாளர் நேரத்தில் நானும் ஓவியரும் போயிருந்தோம். செவிலியர் ஊசி போட்டுவிட்டு, "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா, ரீசார்ஜ் ஆயிடுவீங்க" என்றார். "நான் என்ன செல்போனாம்மா?" என்று அக்கா சிரித்தார். பிறகு எங்களைப் பார்த்து, "ஆனா சொல்லைச் சரியாத்தான் பயன்படுத்துது இந்தப் பொண்ணு" என்றார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை மாட்டிக்கொண்டும் வேலைதான்.

நான் ஒரு திட்டத்தோடு போயிருந்தேன். "அக்கா, வாக்கியம் கிடைச்சிருச்சு. 'உடன் வேலை செய்பவர்கள் வந்து பார்த்தது நோயாளிக்கு மறுபடி தெம்பூட்டியது.' நாங்க ரெண்டு பேரும் சாட்சி" என்றேன். அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னேன். "எனக்குத் தெம்பு வரலைப்பா" என்றார். "உங்களைப் பார்த்தது சந்தோஷம். சந்தோஷத்துக்கு வேற சொல் இருக்கு, அதை எச் எழுத்துலயே முடிச்சாச்சு." ஓவியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "அதை எழுதிடாதே. என்னை மாதிரி படுத்துக்கிடக்கிற இன்னொருத்தி அதைப் படிச்சிட்டு, எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் ஏன் வரலைன்னு நினைச்சுக்குவா. இடத்தைக் காலியா விடு. என்னிக்காவது நடக்கும்."

தன் கடைசி நாட்களைப் பற்றிக்கூட ஒரு பொய்யை அவர் உள்ளே விடவில்லை. எங்களுக்காகவும் விடவில்லை. தனக்காகவும் விடவில்லை. இப்படி ஒருவரோடு வேலை செய்தோம் என்பதைவிட எங்களுக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

அவர் போய்விட்டார். நாளைக் காலை எங்கள் மேஜையை எடுத்துப்போக வண்டி வருகிறது. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை நேரம் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். இரங்கல் கூட்டம் இன்று மாலை, வண்டி நாளைக் காலை. நாங்கள் என்ன செய்தோம்? உண்மையைச் சொல்கிறேன், ஒன்றும் செய்யவில்லை. எங்களுக்கு எதிர்க்கவும் தெம்பில்லை. இன்று காலை அறையில் உட்கார்ந்து எங்கள் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். கீழே அச்சு இயந்திரம் ஓடும்போது எங்கள் தரை லேசாக அதிரும். அந்த அதிர்வைத் தவிர அறைக்குள் ஒரு பேச்சுக்குரல்கூட இல்லை. ஆர் எழுத்திலிருந்து தொடங்குகிற கட்டுகளை ஓவியர் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது அத்தான் வந்தார். அக்காவின் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தார். ஒரு கோப்பை, ஒரு பழைய கண்ணாடி, நாற்காலியில் போடும் மெத்தை, அவ்வளவுதான். மெத்தையைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கட்டுகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"அகராதி அவளோட முடிஞ்சிருச்சாமே. கீழ பேனர் வந்திருக்கு, படிச்சேன்" என்றார்.

ஓவியர் கயிற்றை இன்னும் இறுக்கினார்.

"நடந்துச்சா?" என்று கேட்டார்.

பெருமக்களே, அவர் அதைப் பேச்சுவாக்கில் கேட்கவில்லை. அக்காவைப்போல நடித்தும் காட்டவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. தன் மனைவி வாழ்நாளெல்லாம் செய்த வேலை முடிந்துவிட்டதா இல்லையா என்று கேட்க அவரைத் தவிர யாருக்கு உரிமை இருக்கிறது? ஓவியரின் கை கயிற்றில் நின்றது. பிறகு அவர் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். நான் என் கட்டை அவிழ்த்தேன். பக்கத்தில் இருந்தவர் அவிழ்த்தார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆர் எழுத்துத் தாள்கள் மறுபடி மேஜை மேலே வந்து விரிந்தன. யாரோ ஒருவர் அடுத்த சொல்லைப் படிக்க ஆரம்பித்தார். ஓவியர், "அது நடக்கவே இல்லை, நான்தான் அங்க இருந்தேனே" என்று சண்டைக்குப் போனார். பல வாரம் கழித்து இன்றைக்குத்தான் எங்கள் அறையில் சண்டைச் சத்தம் கேட்டது.

அத்தான் கையில் இருந்த மெத்தையை மறுபடி நாற்காலியிலேயே போட்டார். "நாளைக்கு லீவு போட்டுட்டு நானும் வர்றேன். இங்க உட்கார்றேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா நடந்துச்சானு கேட்கத் தெரியும். இத்தனை வருஷம் வீட்டுல அவ வாயால அதைத்தானே கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

மேலாளர் அவர்களே, நாங்கள் தேடிக்கொண்டிருந்த சொல் அங்கேதான் நடந்தது. ஓய்ந்து போயிருந்தவர்கள் நாங்கள். முன்பு தெம்பாக இருந்தவர்களும் நாங்கள்தான். அந்தத் தெம்பைத் திரும்பக் கொண்டுவந்தது ஒரு கேள்வி. கொடுத்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பாருங்கள், இப்போதுகூடத் தலையைக் குனிந்துகொண்டுதான் இருக்கிறார். வாங்கிக்கொண்டவன் நான், நான் சொல்கிறேன். மத்தியானமே வாக்கியத்தை எழுதிவிட்டேன். "அவர் கேட்ட ஒரு கேள்வி, ஓய்ந்திருந்த எங்களுக்கு மறுபடி தெம்பூட்டியது." மேஜையில் படித்தேன். எல்லாரும் கை தூக்கினார்கள்.

ஆனால் அதை இன்று அகராதியில் சேர்க்க முடியாது. சட்டம் சட்டம்தான். இப்போது அது ஜன்னலோரத் தட்டில் இருக்கிறது. ஒரு ராத்திரி தாங்கணும்.

அதற்கு முன்னால் இங்கே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இந்தப் பதாகை. "அவரது அரும்பணி அவரோடு நிறைவுற்றது." எங்கள் மேஜையில் கேட்பதுபோலவே கேட்கிறேன். நடந்துச்சா? பணி நிறைவுற்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த அரங்கத்தில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

அச்சகத் தோழர்களே? வாசகர்களே? தையல் வேலை பார்த்த அம்மா, நீங்கள் பார்த்தீர்களா?

ஒரு கைகூட இல்லை. மேலாளர் அவர்களே, நீங்களும் தூக்கவில்லை. அதற்கு என் மனமார்ந்த நன்றி.

சாட்சி இல்லாத வரி எங்கள் பிரிவில் நிற்காது. இதோ, என் சிவப்புப் பென்சிலால் அடிக்கிறேன். துணியில் சரியாக விழவில்லை. கடைசி வரிசைக்குத் தெரிகிறதா? தெரிகிறது என்கிறார்கள், போதும்.

நாளைக் காலை வண்டி வரும். வரட்டும். வருகிறவர்கள் நம்மைப்போல வேலைக்காரர்கள், அவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. டீ வாங்கிக் கொடுப்போம். ஆனால் மேஜையைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது மேஜையைத் தூக்க முடியாது. நாங்கள் உட்கார்ந்திருப்போம். ஆர் எழுத்து முடிகிறவரை உட்கார்ந்திருப்போம். அதற்கு அடுத்த எழுத்துக்கும் உட்கார்ந்திருப்போம். இங்கே வந்திருக்கும் உங்களில் யாருக்காவது நாளைக் காலை வேறு வேலை இல்லையென்றால் மாடிக்கு வாருங்கள். நாற்காலி இருக்காது, சுவரோரம் நிற்கலாம். எங்களுக்கு எப்போதும் சாட்சிகள் தேவை.

அக்கா, நீங்கள் காலியாக விடச் சொன்ன இடத்தைக் காலியாகத்தான் வைத்திருக்கிறோம். நாளைக் காலை அறையைத் திறந்து தட்டிலிருந்து அந்த வாக்கியத்தை எடுத்துப் படிப்போம். உங்கள் நாற்காலியில் அத்தான் உட்கார்ந்திருப்பார். அவர் கேட்பார். நாங்கள் கை தூக்குவோம்.